கைக்கணினியும் கைக்காசும்: ஒரு சிறு வரலாறு

 

இது நீண்ட பதிவு. நேரம் இருப்பவர்கள் ஆறுதலாக வாசியுங்கள். பெற்றோர் கட்டாயம் வாசியுங்கள். இதில் உங்கள் பிள்ளைகளின் காசு சம்பந்தப்பட்டிருக்கிறது.

போன மாதம் எங்கள் பாடசாலையின் தகவல் தொழினுட்பக் கழகப் பிள்ளைகள் ஒரு தபால் உறையைக் கொண்டுவந்து ஆசிரியர் அறையில் எங்கள் மேசைமீது வைத்தார்கள். உள்ளே 42,000 ரூபாய். 21 பேர், ஆளுக்கு 2,000. பெருநாள் காசு, உண்டியல் காசு, ஒரு பிள்ளையின் உம்மா அப்பம் விற்ற காசு. சட்டைப்பைக்குள் அடங்கும் ஒரு லினக்ஸ் கணினி. சிறு திரை, சிறு விசைப்பலகை. இன்னும் யாரும் செய்து முடிக்காத கருவி. செய்யப்போகிறோம், முன்கூட்டியே காசு தாருங்கள் என்று வெளிநாட்டில் ஒரு சிறு குழு இணையத்தில் கேட்டிருக்கிறது. விலை 139 டொலர். பிள்ளைகளிடம் வங்கி அட்டை இல்லை. "சேர், உங்கட கார்டால கட்டுங்க" என்றார்கள்.

நாங்கள் இரண்டு கிழமை தவணை கேட்டோம். நாங்கள் என்று இங்கே சொல்வது இந்தப் பாடத்தைப் படிப்பிக்கும் நான்கு ஆசிரியர்களை. இரண்டு பேர் உடனே கட்டலாம் என்றார்கள். இரண்டு பேர் ஒரு சதமும் கட்டக் கூடாது என்றார்கள். ஆசிரியர் அறையில் இரண்டு கிழமையும் இதே வாதம்தான். கடைசியில், இப்படியான கருவிகளின் கதையை முதலிலிருந்து எழுதிப் பார்ப்போம், பிறகு முடிவெடுப்போம் என்று இருந்தோம். எழுதியதுதான் இது.

1. முன்காசு புதிதல்ல

ஒரு பொருள் கைக்கு வரும் முன்னரே பலர் சேர்ந்து காசு கொடுப்பது இணையம் கண்டுபிடித்த காரியம் அல்ல.

சங்க நூல்களையும் பழைய காப்பியங்களையும் அச்சுக்குக் கொண்டுவந்த உ.வே. சாமிநாதையர் 1887 இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். கும்பகோணத்தில் ஒரு கல்லூரித் தமிழாசிரியர் அவர். கடதாசிக்கும் அச்சுக்கூலிக்கும் அவரிடம் பணம் இல்லை. புத்தகம் வந்தால் வாங்குவோம் என்று கையொப்பம் இட்டவர்களின் பட்டியலை ஊர் ஊராகச் சேர்த்துக்கொண்டுதான் அச்சு வேலையில் இறங்கினார். அந்தக் கையொப்பக்காரர்கள் புத்தகத்தைப் பார்த்தவர்கள் அல்லர். அவரை நம்பினார்கள். ஒரு சமண காப்பியம் இன்று நம் உயர்தரப் பிள்ளைகளின் கையில் இருப்பதற்கு அந்தப் பட்டியலும் ஒரு காரணம்.

எங்கள் ஊரில் சீட்டு இருக்கிறது. பத்துப் பேர் மாதம் ஒரு தொகை போட்டு, முறைவைத்து எடுப்பது. இதுவும் நம்பிக்கைதான். ஆனால் சீட்டுப் பிடிப்பவரின் வீடு எங்களுக்குத் தெரியும். அவருடைய மகளின் கல்யாணத்துக்குப் போயிருக்கிறோம். அவர் ஓடிவிட்டால் எந்த ஊரில் தேட வேண்டும் என்பதும் தெரியும்.

மார்க்கம் படித்தவர்களுக்கு "ஸலம்" என்ற கொடுக்கல் வாங்கல் தெரிந்திருக்கும். நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது அங்குள்ளவர்கள் பேரீச்சம்பழத்துக்கு ஓராண்டு, ஈராண்டு முன்பே காசு கொடுத்து வந்தார்கள். அதை அவர்கள் தடுக்கவில்லை. அளவும் எடையும் தவணையும் தெளிவாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். என்ன பொருள், எவ்வளவு, எப்போது என்ற மூன்று கேள்விகளை இந்தப் பதிவு முழுவதும் கையில் வைத்திருங்கள்.

2. பெங்களூரில் பிறந்த சிம்ப்யூட்டர்

கைக்கு அடங்கும் லினக்ஸ் கணினியின் கதை அமெரிக்காவிலோ சீனாவிலோ தொடங்கியது என்றுதான் பிள்ளைகள் நினைத்திருந்தார்கள். அதன் முக்கியமான ஓர் அத்தியாயம் நமக்கு மிகப் பக்கத்தில், பெங்களூரில் நடந்தது.

முதலில் லினக்ஸ் பற்றி ஒரு வரி. 1991 இல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற பின்லாந்து மாணவர் எழுதத் தொடங்கி, உலகெங்குமுள்ள நிரலாளர்கள் சேர்ந்து வளர்த்த இயங்குதளத்தின் கரு அது. யாரும் இலவசமாக எடுக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். உங்கள் அண்ட்ரொயிட் தொலைபேசிக்குள்ளும் அந்தக் கருதான் இருக்கிறது.

1998 அக்டோபரில் பெங்களூரில் வளரும் நாடுகளுக்கான தகவல் தொழினுட்பம் பற்றி ஒரு கருத்தரங்கு நடந்தது. அங்கே எழுந்த எண்ணம் இதுதான்: எழுத்தறிவு குறைந்த கிராமத்தவருக்கும் பயன்படும், அவரவர் மொழியில் பேசும், மலிவான ஒரு கைக்கணினி. இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர்களான விஜய் சந்துரு, ஸ்வாமி மனோகர், ரமேஷ் ஹரிஹரன், வி. வினய் ஆகியோரும், என்கோர் மென்பொருள் நிறுவனத்தின் வினய் தேஷ்பாண்டே முதலானோரும் சேர்ந்து இலாப நோக்கற்ற ஓர் அறக்கட்டளை அமைத்தார்கள். எளிமை, மலிவு, பன்மொழி, மக்கள் கணினி என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைக் கோத்து "சிம்ப்யூட்டர்" என்று பெயர் வைத்தார்கள்.

2001 ஏப்ரலில் முன்மாதிரியை வெளியே காட்டினார்கள். 206 மெகாஹெர்ட்ஸ் செயலி, தொடுதிரை, உள்ளே லினக்ஸ். எழுத்தை வாசித்துக் குரலாகச் சொல்லும் மென்பொருளும் இருந்தது. எங்களுக்கு இன்றும் வியப்பாக இருப்பது அதில் இருந்த ஸ்மார்ட் அட்டைத் துவாரம். ஒரு கருவியை ஊர் முழுக்கப் பகிர்ந்துகொள்ளலாம். ஒவ்வொருவரும் தன் விவரங்கள் உள்ள அட்டையை மட்டும் வைத்திருந்தால் போதும். ஆளுக்கொரு கருவி வாங்க முடியாத ஊரை மனதில் வைத்துச் செய்த ஏற்பாடு அது. விலை இந்திய ரூபாயில் 9,000 அளவில் இருக்கும் என்றார்கள்.

உலகம் கொண்டாடியது. நியூயோர்க் டைம்ஸ் சஞ்சிகை 2001 ஆம் ஆண்டின் குறிப்பிடத்தக்க எண்ணங்களில் ஒன்றாக அதை எழுதியது. அந்தச் செய்தியை அப்போது பத்திரிகையில் வாசித்தவர்கள் எங்களில் இரண்டு பேர் உண்டு. யுத்த காலம். கிண்ணியாவுக்குப் பாலம் இல்லை. பாதையில் ஏறித்தான் துறையைக் கடக்க வேண்டும். எங்கள் பாடசாலையில் கணினி என்று சொல்ல ஒன்றும் இல்லை. அந்தக் கருவி ஒன்று பாதையில் ஏறி நம் ஊருக்கும் வரும் என்று நினைத்தோம்.

வரவில்லை. முன்மாதிரி 2001 இல் வந்தது. கடைக்கு வந்தது 2004 மார்ச்சில். அந்தப் பேராசிரியர்கள் தொடங்கிய பிக்கோபேட்டா நிறுவனமும் அரசுத்துறையான பாரத் எலெக்ட்ரானிக்ஸும் சேர்ந்து "அமிடா" என்ற பெயரில் விற்றார்கள். மாதிரியைப் பொறுத்து ஏறத்தாழ 10,000 முதல் 20,000 இந்திய ரூபாய். கருவியை ஆட்டினால் பக்கம் புரளும் அசைவுணரி கூட அதில் இருந்தது. ஐபோன் வர இன்னும் மூன்று ஆண்டுகள் இருந்தன.

முதல் ஓராண்டில் 50,000 விற்கும் என்று எதிர்பார்த்தார்கள். விற்றது ஏறத்தாழ 4,000.

காரணம் என்ன? கருவி மோசமானது என்று சொல்ல முடியாது. கர்நாடகத்தில் காணிப் பதிவு வேலைக்கும் போக்குவரத்துப் பொலிஸுக்கும் அது பயன்பட்டது. ஆனால் அவர்கள் செய்துகொண்டிருந்த மூன்றாண்டில் உலகம் வேறு பக்கம் போய்விட்டது. 2003 ஜூலையில் இந்தியாவில் ரிலையன்ஸ் நிறுவனம் 501 ரூபாய் முற்பணத்தில் கைத்தொலைபேசி கொடுக்கத் தொடங்கியது. வாப்பாவோடு பேச வேண்டும், மீன் விலை கேட்க வேண்டும் என்றால் ஒரு கிராமத்தவர் 501 ரூபாய்த் தொலைபேசியை எடுப்பாரா, 10,000 ரூபாய்க் கணினியை எடுப்பாரா?

சந்தேகப்படும் ஆசிரியர்கள் இந்த இடத்தில் "பார்த்தீர்களா" என்றார்கள். ஆர்வப்படும் ஆசிரியர்கள் "எண்ணம் சரிதானே, இன்று எல்லாரும் சட்டைப்பையில் வைத்திருப்பது அதைத்தானே" என்றார்கள். இரண்டும் உண்மை. சிம்ப்யூட்டர்க்காரர்களின் கனவு பலித்தது, ஆனால் அவர்களுடைய கருவியால் அல்ல.

அதில் மிஞ்சிய ஒன்றையும் சொல்ல வேண்டும். சிம்ப்யூட்டருக்காகத் தொடங்கிய "த்வனி" என்ற வாசிப்புக் குரல் மென்பொருள் பிறகு தன்னார்வ நிரலாளர்களின் கைக்குப் போய், மேலும் பல இந்திய மொழிகளைப் பேசப் பழகியது. கருவி போனது, நிரல் தங்கியது.

3. கடல் வந்த ஆண்டு

அமிடா கடைக்கு வந்த அதே 2004. டிசம்பர் 26. அந்த நாளைப் பற்றி திருகோணமலைக்காரருக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. கிண்ணியா வைத்தியசாலையை அலை உடைத்துக்கொண்டு போனது. காணாமற்போனவர் யார், எந்த முகாமில் யார் இருக்கிறார், எந்த முகாமுக்குச் சாமான் போகவில்லை என்று கொப்பிகளில் எழுதிக்கொண்டு திரிந்தோம். ஒரு முகாமின் கொப்பியில் இருக்கும் பெயர் அடுத்த முகாமுக்குத் தெரியாது.

அந்தச் சில நாட்களுக்குள் இலங்கையின் மென்பொருள் தன்னார்வலர்கள் கொழும்பில் கூடி "சஹானா" என்ற நிவாரண முகாமைத்துவ மென்பொருளை எழுதினார்கள். காணாமற்போனோர், முகாம்கள், உதவி நிறுவனங்கள் எல்லாவற்றையும் ஓரிடத்தில் பதியும் ஏற்பாடு. திறந்த மூல மென்பொருள் என்பதால் உரிமத்துக்கு யாரும் காசு கட்டத் தேவையில்லை. 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்கும் 2006 பிலிப்பைன்ஸ் மண்சரிவுக்கும் அதே மென்பொருள் போனது. 2006 ஆம் ஆண்டுக்கான கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகப் பயன் விருது சஹானாவுக்குக் கிடைத்தது.

இதை ஏன் இங்கே சொல்கிறோம்? கருவிக்கும் மென்பொருளுக்கும் உள்ள வித்தியாசம் இதில் தெரிகிறது. சஹானாவின் ஒரு பிரதி இருந்தால் ஆயிரம் பிரதி எடுக்கச் செலவில்லை. பிழை இருந்தால் அன்றிரவே திருத்தலாம். கருவி அப்படியல்ல. ஆயிரம் கருவிக்கு ஆயிரம் திரை, ஆயிரம் மின்கலம், ஆயிரம் பெட்டி. உறையில் ஒரு துவாரம் இடம் மாறியிருந்தால் அத்தனையும் குப்பை. திறந்த மென்பொருள் வெற்றி பெற்றதைப் பார்த்துத் திறந்த கருவியும் அதே போல வெல்லும் என்று நம்பியதில்தான் பலர் ஏமாந்தார்கள்.

4. இணையத்தில் ஓர் உண்டியல்

2008 இல் இண்டிகோகோ, 2009 இல் கிக்ஸ்டார்ட்டர் என்ற தளங்கள் வந்தன. எண்ணத்தைச் சொல்லிக் காசு கேட்கலாம். உலகில் எவரும் போடலாம். லினக்ஸ் கைக்கருவிகளுக்கு அது நல்ல விளைநிலமாக இருந்தது. பெரிய நிறுவனங்கள் தொடாத பொருள். ஆனால் ஆசைப்படுபவர்கள் சில ஆயிரம் பேர் உலகெங்கும் சிதறி இருந்தார்கள்.

ஓப்பன் பண்டோராவுக்கு அந்தத் தளங்கள்கூடத் தேவைப்படவில்லை. விளையாட்டும் லினக்ஸும் சேர்ந்த கைக்கணினி, ஏறத்தாழ 200 பவுண். 2008 செப்டெம்பர் இறுதியில் முன்பதிவு திறந்தார்கள். முதல் தொகுதி 4,000. சில மாதங்களில் வரும் என்று நினைத்தவர்களுக்கு முதல் கருவிகள் அனுப்பத் தொடங்கியது 2010 மே மாதத்தில். உறையின் வார்ப்பு, விசைப்பலகை, சுற்றுப்பலகை என்று ஒன்று மாறி ஒன்று சிக்கல். கடைசியில் பொருள் வந்தது. கிடைத்தவர்கள் அதைக் கொண்டாடினார்கள். அதன் பிறகும் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்களும் உண்டு.

2013 இல் உபுண்டு எட்ஜ். கணினியாகவும் மாறும் ஒரு தொலைபேசி. 3 கோடி 20 இலட்சம் டொலர் கேட்டார்கள். சேர்ந்தது ஏறத்தாழ 1 கோடி 28 இலட்சம். இலக்கை எட்டாததால் திட்டம் கைவிடப்பட்டது. போட்டவர்களின் காசு அவர்களிடமே திரும்பியது. அன்று அதைத் தோல்வி என்று எழுதினார்கள். எங்கள் கண்ணுக்கு இந்தப் பட்டியலில் மிக நேர்மையாக முடிந்த கதைகளில் அதுவும் ஒன்று.

2014 நவம்பரில் பின்லாந்தின் ஜொல்லா நிறுவனம் ஒரு டெப்லட்டுக்காக 3,80,000 டொலர் கேட்டது. சில மணி நேரத்தில் அந்தத் தொகை வந்துவிட்டது. மொத்தம் 18 இலட்சம் டொலரையும் தாண்டியது. ஆனால் நிறுவனம் பண நெருக்கடியில் விழுந்தது. 2016 இல், சிலருக்கு மட்டுமே கருவி தர முடியும் என்று சொன்னார்கள். மற்றவர்களுக்குக் காசைத் தவணையில் திருப்பித் தருவதாக ஏற்பாடு. இங்கே கவனியுங்கள்: காசு போதாமல் இது விழவில்லை. கேட்டதைப் போலப் பல மடங்கு வந்த பிறகு விழுந்தது.

2015 இல் ஒன்பது டொலர்க் கணினி என்று புகழ்பெற்ற சிப். 50,000 டொலர் கேட்டார்கள். 39,000க்கும் மேற்பட்டோர் சேர்ந்து 20 இலட்சத்துக்கும் மேல் கொடுத்தார்கள். அதைத் திரையும் விசைப்பலகையும் உள்ள உறையில் வைத்து பொக்கெட் சிப் என்ற கைக்கணினியும் செய்தார்கள். ஆயிரக்கணக்கானோருக்கு உண்மையாகவே பொருள் போய்ச் சேர்ந்தது. ஆனால் 2018 இல் நிறுவனம் மூடப்பட்டது. இணையத்தளமும் அதிலிருந்த கோப்புகளும் மறையத் தொடங்க, பயன்படுத்தியவர்களே அவற்றைப் பிரதி எடுத்துக் காப்பாற்றினார்கள். இன்றும் அந்தக் கருவியை ஓட்டுகிறவர்கள் அந்தப் பிரதிகளை வைத்துத்தான் ஓட்டுகிறார்கள்.

வெற்றிக் கதையும் இருக்கிறது. 2017 இல் லண்டனின் பிளனெட் கம்பியூட்டர்ஸ் ஜெமினி என்ற மடிக்கும் கைக்கணினிக்குக் காசு கேட்டது. 2018 இல் அனுப்பத் தொடங்கிவிட்டது. பழைய சையன் கைக்கணினிகளை வடிவமைத்த மார்ட்டின் ரிடிஃபோர்ட் தான் இதற்கும் வடிவமைப்பாளர். முன்பு செய்து காட்டிய கை.

பொதுக் கணக்கும் ஒன்று உண்டு. பென்சில்வேனியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஈதன் மொல்லிக் 2015 இல் கிக்ஸ்டார்ட்டரில் காசு போட்ட ஏறத்தாழ 47,000 பேரிடம் விசாரித்தார். காசு சேர்ந்த திட்டங்களில் 100க்கு 9 பொருளைக் கொடுக்கவே இல்லை. அவருடைய முந்தைய ஆய்வொன்றில், பொருள் தருவதாகச் சொன்னவற்றில் முக்கால்வாசிக்கும் மேல் சொன்ன தேதிக்குத் தரவில்லை. அதாவது பெரும்பாலானவர்கள் கள்ளர்கள் அல்லர். பெரும்பாலானவர்கள் தேதி தெரியாதவர்கள்.

5. எங்கள் 32,000

இனி எங்கள் சொந்தக் கதை. பிள்ளைகளிடம் இதுவரை சொல்லாதது.

2019 இல் நாங்கள் நான்கு பேரும் ஆளுக்கு 8,000 போட்டோம். 32,000 ரூபாய், அன்றைய கணக்கில் ஏறத்தாழ 175 டொலர். பாடசாலை ஆய்வுகூடத்துக்கு ஒரு லினக்ஸ் கைக்கணினி. நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. படங்கள் அழகாக இருந்தன. ஒரு நிமிட வீடியோவில் ஓர் இளைஞர் அந்தக் கருவியைக் கையில் வைத்துத் தட்டச்சுச் செய்தார். கையில் இருந்தது வெறும் உறை, உள்ளே ஒன்றும் இல்லை என்பது பிறகுதான் விளங்கியது.

ஒன்பது மாதம் என்றார்கள். 2020 இல் கொரோனா வந்தது. உதிரிப்பாகம் இல்லை என்று மின்னஞ்சல். உண்மையாகவும் இருந்திருக்கலாம், அந்தக் காலத்தில் எல்லாருக்கும் பாகத் தட்டுப்பாடுதான். 2021 இல் இரண்டு மின்னஞ்சல். 2022 இல் ஒன்றும் இல்லை. அந்த ஆண்டு எங்களுக்கும் மின்னஞ்சல் பார்க்கும் நிலைமை இருக்கவில்லை. பெற்றோல் வரிசை, எரிவாயு வரிசை, ஒரு நாளில் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு. டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியது. இருட்டில் இருந்து ஒரு நாள் கணக்குப் பார்த்தோம்: அந்த 175 டொலரை அப்போது திரும்பத் தந்திருந்தால் ரூபாயில் இரட்டிப்பாக இருந்திருக்கும். சிரித்துக்கொண்டோம். வேறென்ன செய்வது?

அதே 2019 இல் எங்களில் ஒருவர் கொழும்பில் கடையில் ஒரு ராஸ்பெரி பை வாங்கி வந்திருந்தார். இங்கிலாந்தில் 2012 பெப்ரவரி 29 அன்று வெளிவந்த சிறு லினக்ஸ் கணினி அது. தொடக்க விலை 35 டொலர். அதைச் செய்தவர்கள் மக்களிடம் முன்காசு கேட்கவில்லை. முதல் தொகுதிக்கு அறங்காவலர்கள் தங்கள் கைக்காசைப் போட்டார்கள். பிறகு, ஏற்கெனவே உலகெங்கும் மின்னணுப் பாகங்கள் விற்கும் இரண்டு பெரிய நிறுவனங்களுக்கு உற்பத்தி உரிமம் கொடுத்தார்கள். வெளிவந்த நாளில் ஒரு இலட்சம் பேர் கேட்டார்கள். எங்கள் ஆய்வுகூடத்தில் அந்தப் பலகை இன்றும் ஓடுகிறது. உறை இல்லை; ஒரு பிஸ்கற் பெட்டிக்குள் இருக்கிறது.

6. துறைமுகத்தடியில் ஒரு கேள்வி

இவ்வளவையும் எழுதி முடித்த பிறகு, உறையில் காசு போட்ட ஒரு பிள்ளையின் வாப்பாவை உட்துறைமுக வீதியில் கண்டோம். மீன்பிடித் தொழில். அவருக்கு லினக்ஸ் தெரியாது. கதையைச் சொன்னோம். கேட்டுவிட்டு இதைத்தான் சொன்னார்:

"சேர், நாங்க போட் செய்யக் குடுக்கிறண்டாலும் முற்காசு குடுக்கத்தான் வேணும். அது பிழையில்ல. ஆனா பட்டறைக்குப் போய்ப் பாப்பம். அவன் முன்ன செஞ்ச போட் கடல்ல ஓடுதாண்டு பாப்பம். பலகை வந்திரிக்காண்டு பாப்பம். பிறகு ரெண்டாவது காசு. முழுக்காசையும் முதல்ல ஆரு குடுப்பான்?"

மேலே நாங்கள் எழுதிய வரலாறு முழுவதையும் அவர் ஏழு வசனத்தில் சொல்லிவிட்டார். முன்பு செய்த கை: ஜெமினி. பட்டறையைப் பார்த்தல்: எங்களுக்குக் காட்டியது வெறும் உறை. கட்டம் கட்டமாகக் காசு: இணைய உண்டியலில் பொதுவாக அந்த வழி இல்லை, பொருள் வரும் முன்னரே முழுக்காசும் போய்விடுகிறது.

இதோடு நம் நாட்டுக்கென்று சில சிக்கல்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கப்பல் கூலி, சுங்க வரி இரண்டும் பிள்ளைகளின் 42,000 இல் அடங்கவில்லை. வானொலி அலை வெளியிடும் கருவியைக் கொண்டுவரத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும். பழுதானால் திருப்பி அனுப்பும் செலவு கருவியின் விலைக்குக் கிட்ட வரும். பெர்லினில் இருப்பவருக்கு இந்தக் கருவி ஒரு மாலைநேர விளையாட்டு. 100க்கு 9 என்ற நட்டம் அவருக்கு ஒரு நல்ல சாப்பாட்டுக் காசு. எங்கள் பிள்ளைகளுக்கு அது இரண்டு பெருநாள்.

7. உறைக்கு என்ன நடந்தது

முடிவைச் சொல்கிறோம்.

காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். 21 பேரின் பெயரும் எழுதி, ஒவ்வொருவரும் எண்ணி எடுத்துக் கையொப்பம் இட்டார்கள். அது எங்களிடம் வந்த அமானிதம். எங்கள் சொந்தக் காசை நாங்கள் இழக்கலாம். பிள்ளைகளின் காசை இழக்க எங்களுக்கு உரிமை இல்லை.

கொடுக்கும்போது உயர்தர முதலாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி கேட்டாள். அப்பம் விற்ற காசு அவளுடையது. "எல்லாரும் இப்பிடிப் பொறுத்துப் பாத்துக்கொண்டு இருந்தா முதலாவதை ஆரு சேர் செய்யிற?"

எங்களிடம் உடனே பதில் இருக்கவில்லை. அவள் கேட்டது சரி. அந்தக் கையொப்பக்காரர்கள் எல்லாரும் "முதலில் புத்தகம் வரட்டும், பார்ப்போம்" என்று இருந்திருந்தால் சிந்தாமணி அப்போது வந்திருக்காது. 4,000 பேர் 2008 இல் காசு போடாவிட்டால் பண்டோரா என்று ஒரு கருவியே இருந்திருக்காது. பெங்களூர்ப் பேராசிரியர்கள் முதலில் கணக்குப் பார்த்திருந்தால் சிம்ப்யூட்டரைத் தொட்டிருக்கவே மாட்டார்கள். த்வனியும் அன்று பிறந்திருக்காது. சந்தேகம் காசைக் காப்பாற்றும். ஆனால் சந்தேகம் மட்டும் இருந்தால் ஒன்றும் செய்யப்படாது.

இரண்டு நாள் கழித்து அவளுக்குச் சொன்ன பதில் இது. முதலாவதைச் செய்ய யாராவது நட்டத்தைத் தாங்க வேண்டும். அது யார் என்பதுதான் கேள்வி. ராஸ்பெரி பையில் அறங்காவலர்கள் தாங்கினார்கள். உபுண்டு எட்ஜில் யாருடைய காசும் போகாமல் நின்றது. மற்றப் பலவற்றில், முகம் தெரியாத ஆயிரம் பேர் தாங்கினார்கள். அவர்களில் தாங்கக் கூடியவர்களும் இருந்தார்கள், கூடாதவர்களும் இருந்தார்கள். நாங்கள் நான்கு பேரும் உழைப்பவர்கள். ஆகவே நாங்கள் போடுகிறோம். ஆளுக்கு 10,500, மொத்தம் 42,000. சந்தேகப்பட்ட இரண்டு பேரும் போட்டார்கள், முணுமுணுத்துக்கொண்டு. ஆனால் முழுவதையும் அந்தத் தளத்துக்குப் போடவில்லை. பெரும்பங்குக்கு ஒரு ராஸ்பெரி பையும் ஒரு சிறு திரையும் விசைப்பலகையும் மின்கலமும் வாங்குகிறோம். உறையைப் பிள்ளைகளே செய்ய வேண்டும். தச்சு வேலை தெரிந்த ஒரு வாப்பா உதவுவதாகச் சொல்லியிருக்கிறார். மிச்சம் ஒரு சிறு தொகையை அந்த வெளிநாட்டுக் குழுவுக்கு, கருவி கேட்காமல், ஆதரவாக மட்டும் கொடுக்கிறோம். அவர்கள் தங்கள் நிரலையும் சுற்றுப்பட வரைபடத்தையும் திறந்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். கருவி வராவிட்டாலும் அந்தக் கோப்புகள் யாருக்காவது பயன்படும். போனால் எங்கள் காசு.

நாங்கள் செய்யும் கருவி தடிப்பாக இருக்கும். சட்டைப்பைக்குள் போகாது. ஆனால் சிம்ப்யூட்டரின் அந்த அட்டை யோசனையைப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். ஒரே கருவி, 21 பேர். ஒவ்வொருவரும் தன் கோப்புகளைத் தன் மெமரி அட்டையில் வைத்திருப்பது, முறைவைத்து வீட்டுக்கு எடுத்துப் போவது. சீட்டுப் போல என்று அவர்களே பெயர் வைத்துவிட்டார்கள். முதல் முறை யாருக்கு என்று குலுக்கிப் போட்டார்கள். கேள்வி கேட்ட பிள்ளையின் பெயர் ஏழாவதாக வந்தது. "பரவாயில்ல சேர், அதுக்குள்ள பிழையெல்லாம் திருத்திருவாங்க" என்றாள்.

பெற்றோருக்கு: உங்கள் பிள்ளை உங்களிடம் திருப்பித் தந்த 2,000 ரூபாயை வாங்கி வைத்துவிடாதீர்கள். அவர்கள் சேர்த்தது அவர்களிடமே இருக்கட்டும். வீட்டில் பழைய தொலைபேசி மின்னேற்றி, உடைந்த விசைப்பலகை, பயன்படாத வயர் இருந்தால் பாடசாலைக்கு அனுப்புங்கள்.